மூச்சுத் தசையைக் காட்டிய ஒலி

உங்கள் வலது கையை விலா எலும்புகள் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மேல் வயிற்றின் மீது வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். வயிறு முன்னால் வந்து கையைத் தள்ளுகிறதல்லவா? காற்று போவது நெஞ்சுக்குள், உப்புவதோ வயிறு. இது எப்படி?

நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே ஒரு தசைத் திரை இருக்கிறது. அதற்கு உதரவிதானம் என்று பெயர். உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மேற்கட்டி. பந்தலில் கட்டும் மேற்கட்டியைப் போல வயிற்றுக்கு மேலே கவிந்திருப்பதால் இப்பெயர் பொருத்தமானதே. தளர்ந்திருக்கும்போது அது விரித்த குடையைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். சுருங்கும்போது கீழே இறங்கும். அப்போது நெஞ்சறையின் கொள்ளளவு கூடுகிறது. காற்று தானாக உள்ளே புகுகிறது. இறங்கும் திரை குடலையும் கல்லீரலையும் அழுத்துவதால் வயிறு முன்னே வருகிறது.

நாம் அமைதியாக இருக்கையில் உள்ளிழுக்கும் காற்றில் பெரும்பகுதி இந்த ஒரு தசையின் உழைப்பால் வருவதே. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று கொண்டால், ஒரு நாளில் 21,600 தடவை அது ஏறி இறங்குகிறது. இதயத்தைப் போலவே இதற்கும் விடுமுறை கிடையாது. ஆயினும் இதயத்துக்குக் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்கவில்லை. உயிருள்ள மனிதனிடம், கத்தியின்றி, ஊசியின்றி, கதிர்களுமின்றி இத்தசை வேலை செய்வதைப் பார்க்க மருத்துவ உலகம் ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் காத்திருந்தது. அந்த வரலாற்றையும், அது பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து மக்களுக்கு ஏன் வேண்டிய செய்தி என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

வயதா, நோயா?

பெரம்பலூர் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மண். அதை ஒட்டிய அரியலூரோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த இடம். அதனால் அங்கே சுண்ணாம்புக்கல் மிகுதி, சிமென்ட் ஆலைகளும் உண்டு. செந்துறை, செயங்கொண்டம் பக்கம் போனால் முந்திரிக் காடுகள். இவ்வூர்களில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் முந்திரி விறகும் பருத்திக் குச்சியும் வரட்டியும் வைத்து, சன்னல் இல்லாத அடுப்படியில் சமைத்திருக்கிறார். இன்று குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். வீட்டார் சொல்வது ஒன்றுதான்: “வயசாயிடுச்சு, இளைக்கத்தான் செய்யும்.”

பல நேரங்களில் அது வெறும் வயது அன்று, நோய். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று அதைக் கூறுவர். மருத்துவர் எழுதும் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று இருக்கும். புகையும் தூசியும் ஆண்டுக்கணக்கில் மூச்சுக் குழல்களைப் புண்படுத்திச் சுருக்குகின்றன. காற்று நுண்ணறைகளின் மெல்லிய சுவர்களை அழிக்கின்றன. இந்தியாவில் 1990-ஆம் ஆண்டு இந்நோய் உள்ளவர்கள் சுமார் 2 கோடியே 81 லட்சம் பேர் என்றும், 2016-இல் அத்தொகை 5 கோடியே 53 லட்சம் ஆகிவிட்டது என்றும் 2018-இல் வெளிவந்த கணக்கு கூறுகிறது.

இந்நோய் புகைபிடிக்கும் ஆண்களுக்கே உரியது என்ற எண்ணத்தை நம் நாட்டில் முதலில் அசைத்தவர்களில் ஒருவர் ஒரு பெண் மருத்துவர். பர்மாவில் பிறந்து, டில்லியில் இதயநோய் மருத்துவத்தை வளர்த்த டாக்டர் எஸ். பத்மாவதி அவர். நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் பழுதடைந்த 127 நோயாளிகளைப் பற்றி அவரும் பாதக் என்பவரும் 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். புகைபிடிக்காத பெண்களிடமும் இது மிகுதியாக இருந்ததை அவர்கள் கவனித்தனர். அடுப்புப் புகையின் மீது அன்றே ஐயம் விழுந்தது. பின்னர், தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 2.4 பேருக்கு இந்நோய் இருந்தது.

வளைவு இழந்த குடை

சரி, நோய் இருப்பது நுரையீரலில். உதரவிதானத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கையை நேராக வைத்துக்கொண்டு விரல்களை இறுக மூடுங்கள். பிடி வலுவாக இருக்கும். இப்போது மணிக்கட்டை உட்புறமாக நன்றாக மடக்கிக்கொண்டு அதேபோல் இறுக மூடுங்கள். பிடி தளர்ந்துவிடுகிறது! தசை அதே தசைதான். ஆனால் மணிக்கட்டை மடக்கியதால், விரல்களை மூடும் தசைகள் முன்கூட்டியே குறுகிவிட்டன. குறுகிவிட்ட தசையால் மேலும் வலுவாகச் சுருங்க இயலாது. ஒவ்வொரு தசைக்கும் அது நன்கு உழைக்க ஏற்ற ஒரு நீளம் உண்டு.

நாட்பட்ட அடைப்பு நோயில் காற்று உள்ளே போகிறது. ஆனால் சுருங்கிய குழல்கள் வழியே முழுவதும் வெளியே வருவதில்லை. ஒரு மூச்சு முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. காற்று உள்ளே தேங்கித் தேங்கி நுரையீரல் உப்புகிறது. உப்பிய நுரையீரல் கீழே இருக்கும் உதரவிதானத்தை அழுத்தித் தட்டையாக்கிவிடுகிறது. குடை வளைவை இழக்கிறது, தசை குறுகுகிறது. மடக்கிய மணிக்கட்டின் கதைதான். கீழே இறங்கி மூச்சை இழுக்க வேண்டிய தசை, ஏற்கெனவே இறங்கிய நிலையில் மாட்டிக்கொள்கிறது.

பாட்டியின் இளைப்பில் பாதிக் கதை இதுவே. நுரையீரலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பாதி தெரியாது.

கத்தியும் மின்சாரமும்

உதரவிதானத்தை மூச்சின் கருவியாக அறிந்தவர்களில் முற்பட்டவர் கேலன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்காமம் நகரில், களத்தில் இறங்கிப் பொருதும் வாள் வீரர்களுக்கு அவர் மருத்துவராக இருந்தார். விலங்குகளின் தண்டுவடத்தை வெவ்வேறு உயரங்களில் வெட்டிப் பார்த்து, எந்த இடத்தில் வெட்டினால் மூச்சின் எந்தப் பகுதி நிற்கிறது என்று கண்டார். வயிற்றுக்கு மேல் இருக்கும் இத்தசைக்கு நரம்பு கழுத்திலிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் நெடுங்காலம் இறந்த உடலை அறுத்துப் பார்ப்பதே வழியாக இருந்தது. இறந்த உடலில் உதரவிதானம் இருக்கும். அதன் வேலை இராது. 1816-இல் மார்பொலிமானியை உருவாக்கிய லென்னக், 1819-இல் வெளியிட்ட நூலில் உப்பிய நுரையீரலைத் தெளிவாக விவரித்தார். 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் ‘ஸ்பைரோமீட்டர்’ என்னும் மூச்சளவிக் கருவியைக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூச்சுக் காற்றை அளந்து வெளியிட்டார். இன்றும் நாட்பட்ட அடைப்பு நோயை உறுதிசெய்வது அக்கருவியின் வழித்தோன்றல்தான். ஆனால் அது அளப்பது வாய்வழி வந்துபோகும் காற்றை. காற்றை இழுக்கும் தசையை அன்று.

தசையை நேரே தட்டி எழுப்பியவர் பிரெஞ்சு மருத்துவர் துஷேன். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் கழுத்தில் ஓடும் உதரவிதான நரம்பில் மின்சாரம் பாய்ச்சினார். தசை சுருங்கியது, வயிறு எழுந்தது, கீழ் விலா எலும்புகள் வெளிநோக்கி விரிந்தன. உதரவிதானம் இறங்குவதோடு நில்லாமல் விலா எலும்புகளையும் தூக்குகிறது என்பதை அவர் காட்டினார்.

1920-இல் அமெரிக்க மருத்துவர் ஹூவர் இதன் மறுபக்கத்தைக் கூறினார். நுரையீரல் மிகவும் உப்பிய நோயாளி மூச்சிழுக்கும்போது, கீழ் விலா எலும்புகள் வெளியே விரிவதற்குப் பதிலாக உள்நோக்கி ஒடுங்குகின்றன. தட்டையாகிவிட்ட தசை எலும்பை மேலே தூக்காமல் பக்கவாட்டில் உள்ளே இழுப்பதே காரணம். எந்தக் கருவியும் இல்லாமல், வெறுங்கண்ணால் காணக்கூடிய இக்குறியை இன்றும் மருத்துவ மாணவர்கள் ‘ஹூவர் குறி’ என்று படிக்கிறார்கள்.

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த பிறகு, திரையில் உதரவிதானம் ஏறி இறங்குவதை நிழலாகப் பார்க்க முடிந்தது. ஆனால் நிழலில் தசையின் தடிமன் தெரியாது. கதிர்வீச்சுக்கும் அஞ்ச வேண்டும். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தசையின் வலுவைச் சரியாக அளக்க விரும்பியவர்கள் மூக்கு வழியே மெல்லிய குழாய்களை உணவுக்குழலுக்குள்ளும் இரைப்பைக்குள்ளும் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். மூச்சுக்குத் திணறும் நோயாளிக்கு அது எளிய சோதனை அன்று.

எதிரொலி வந்த வழி

விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. 1880-இல் பிரான்சில் பியேர் கியூரி, ழாக் கியூரி என்னும் சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டனர். மின்னழுத்தம் கொடுத்தால் அப்படிகம் அதிரும் என்பதும் அடுத்த ஆண்டே தெரிந்தது. அதிரும் படிகம் ஒலியை எழுப்பும்; திரும்பி வரும் ஒலியை அதே படிகம் மின்சாரமாக மாற்றித் தரும். முதல் உலகப்போரின்போது லாங்கெவின் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் பயன்படுத்திக் கடலுக்கடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிகளை எதிரொலியால் தேட முனைந்தார்.

மனிதன் செவிக்கு எட்டும் ஒலி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. உடலைச் சோதிக்கப் பயன்படுவது நொடிக்குப் பல பத்து லட்சம் அதிர்வுகள் கொண்டது. உடலின் மென்திசுக்களில் அது நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு பரப்பில் பட்டுத் திரும்ப அதற்கு ஆகும் நேரம் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். அந்த நேரத்தைக் கணக்கிட்டே கருவி ஆழத்தைச் சொல்கிறது. 1953-இல் சுவீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் துடிக்கும் இதயத்தின் அசைவை இவ்வகையில் பதிவு செய்தனர். 1958-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அயன் டொனால்டும் குழுவினரும் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் காட்டும் படங்களை வெளியிட்டனர். நாம் ‘ஸ்கேன்’ என்று சொல்லும் சோதனை இப்படித்தான் பிறந்தது.

நுரையீரல் மருத்துவர்களுக்கு மட்டும் இதில் ஒரு பெரிய தடை இருந்தது. கேளா ஒலி நீரிலும் சதையிலும் நன்றாகச் செல்லும். காற்று குறுக்கிட்டால் திரும்பிவிடும். நுரையீரலோ காற்றுப் பை! ஆகவே நெஞ்சுக்குள் இக்கருவிக்கு வேலையில்லை என்று பலர் விட்டுவிட்டனர்.

ஆனால் உதரவிதானத்தைக் காண நுரையீரல் வழியே போகத் தேவையில்லை. வலப்பக்கம் அதற்குக் கீழே கல்லீரல் ஒட்டியிருக்கிறது. கல்லீரலில் காற்று இல்லை. அது ஒலிக்கு நல்ல சாளரம். விலா எலும்பின் கீழ் விளிம்பில் கருவியை வைத்து மேல்நோக்கிப் பார்த்தால், கல்லீரலுக்கு அப்பால் உதரவிதானம் வளைந்த வெண்கோடாகத் தெரியும். அமெரிக்காவில் ஹேபரும் அவருடைய தோழர்களும் 1975-இல் இம்முறையில் உதரவிதானத்தின் அசைவை ஆராய்ந்து எழுதினர். 1989-இல் வெய்ட் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும், அத்தசை விலா எலும்புகளின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் இடத்தில் கருவியை வைத்து, அதன் தடிமனையே அளந்து காட்டினர். கேலன் வெட்டித் தேடியதை இப்போது தோலின் மேலிருந்தே பார்க்க முடிந்தது.

இரண்டு அளவுகள்

இன்றைய சோதனையில் மருத்துவர் முக்கியமாக இரண்டைப் பார்க்கிறார்.

முதலாவது, இறக்கம். நலமுள்ளவர் அமைதியாக மூச்சு விடும்போது உதரவிதானம் 1.5 முதல் 2 சென்டிமீட்டர் வரை இறங்குகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமுள்ள 210 பேரை அளந்தபோது, ஆழ்ந்த மூச்சில் ஆண்களுக்குச் சராசரியாக 7 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 5.7 சென்டிமீட்டரும் இறங்கியது. நாட்பட்ட அடைப்பு நோயில் ஆழ்ந்த மூச்சின் இறக்கம் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தேங்கிய காற்று கூடக்கூட, இறங்குவதற்கு இடம் குறைகிறது.

இரண்டாவது, தடித்தல். புஜத்தை மடக்கினால் தசை புடைப்பதைப்போல, உதரவிதானமும் சுருங்கும்போது தடிக்கிறது. மூச்சை விட்ட நிலையில் 2 மில்லிமீட்டர் இருந்தது, முழுதாக இழுத்தபோது 3 மில்லிமீட்டர் ஆனால், தடிப்பு 50 சதவீதம். தடிப்பு 20 சதவீதத்துக்கும் குறைந்தால் தசை செயலிழந்திருக்கலாம் என்று 1997-இல் கோட்டஸ்மன், மெக்கூல் ஆகியோர் காட்டினர். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை மூச்சுக் கருவியிலிருந்து நோயாளியை விடுவிக்கலாமா என்று முடிவு செய்யவும் இவ்வளவுகள் உதவுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இச்சோதனை மட்டும் நோயைக் கண்டுபிடித்துவிடாது. நோயை உறுதிசெய்யக் குழாயில் ஊதும் ஸ்பைரோமீட்டர் சோதனையே வேண்டும். இடப்பக்கத்தில் இரைப்பையின் காற்று படத்தை மறைக்கும். கருவியைப் பிடிப்பவரின் பயிற்சிக்கேற்ப அளவும் சற்று மாறும். மூச்சளவி காற்றின் கதையைச் சொல்கிறது; கேளா ஒலி தசையின் கதையைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கதை முழுமை.

தசையின் மீது பழி இல்லை

இளைப்பு நோயாளியின் மூச்சுத் தசை பலவீனமானது என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. 1991-இல் சிமிலோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் அதைச் சோதித்தனர். துஷேன் வழியிலேயே கழுத்து நரம்பைத் தூண்டி, நாட்பட்ட அடைப்பு நோயுள்ளவர்களின் உதரவிதானம் எழுப்பும் அழுத்தத்தை அளந்தனர். பின்னர், நலமுள்ளவர்களை அதே அளவுக்கு நுரையீரலை உப்பவைத்துக்கொள்ளச் சொல்லி அவர்களிடமும் அளந்து ஒப்பிட்டனர். விளைவு எதிர்பாராதது. ஒரே உப்பலில் நோயாளியின் தசை நலமுள்ளவரின் தசைக்குச் சிறிதும் குறைந்ததாக இல்லை! 1997-இல் லெவைனும் தோழர்களும் இன்னொன்றைக் கண்டனர். நோய் கடுமையாக இருப்பவர்களின் உதரவிதானத்தில், எளிதில் களைக்காத வகை இழைகள் கூடியிருந்தன. ஓயாத பளுவுக்கு ஏற்பத் தசை தன்னையே மாற்றிக்கொண்டிருந்தது.

எனவே, குறை பெரும்பாலும் தசையின் உழைப்பில் இல்லை. அது நிறுத்தப்பட்ட இடத்தில்தான். தேங்கிய காற்றை வெளியேற்றினால் தசைக்கு அதன் நீளமும் வளைவும் ஓரளவு திரும்பக் கிடைக்கும். மூச்சுக்குழலை விரிக்கும் உறிஞ்சு மருந்துகள் செய்வது இதைத்தான். சீழ்க்கை அடிப்பதைப்போல் உதடுகளைக் குவித்து மெதுவாக மூச்சை விடப் பழக்குவதும், மேற்பார்வையில் நடைப்பயிற்சி தருவதும் நோயாளிக்கு உதவுகின்றன. “வயசாயிடுச்சு” என்று விட்டுவிட வேண்டிய நிலை இது இல்லை.

நம் மாவட்டங்களில் இக்கருவி

இறுதியாக, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஸ்கேன் கருவியோடு உள்ள பழைய உறவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது பெருமைக்குரியது அன்று.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகள் இருந்தனர். பெரம்பலூரில் 913, அரியலூரில் 897. மாநிலத்தின் மிகக் குறைந்த எண்களில் இவையும் அடங்கும். இத்தகைய குறைவுக்குக் காரணங்கள் பல. கருவிலிருப்பது பெண் என்று ஸ்கேனில் அறிந்து கலைப்பது அவற்றுள் ஒன்று. இதைத் தடுக்கவே 1994-இல் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டு, 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஸ்கேன் நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்லப்படாது என்ற பலகை தொங்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு கருவியையும் நினைத்த ஊருக்குக் கொண்டு போய்விட முடியாது. நுரையீரல் மருத்துவரும் இந்த விதிகளுக்கு உட்பட்டே இக்கருவியைத் தொட வேண்டும். சிற்றூர் நோயாளியிடம் கருவி போவது இதனால் கடினமாகிறது. எனினும் இச்சட்டம் ஏன் வந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஒரே கருவிதான், ஒரே எதிரொலிதான். பெண் பிறப்பதற்கு முன்பே அவளைக் கண்டு ஒதுக்கவும் அது பயன்பட்டிருக்கிறது. அப்படியெல்லாம் ஒதுக்கப்படாமல் பிறந்து, வளர்ந்து, நாற்பது ஆண்டுகள் அடுப்புப் புகையில் நின்ற ஒரு பெண்ணின் மூச்சு எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவும் அது பயன்படும். கருவி தானாக நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது.

அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. பெரம்பலூரிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. முன்போல் எல்லாவற்றுக்கும் திருச்சிக்கும் தஞ்சைக்கும் ஓட வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனை எவ்வளவு அருகில் இருந்தாலும், இளைப்பை நோய் என்று முதலில் அறிய வேண்டியவர் வீட்டில் இருப்பவரே.

ஆகவே இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, நடக்கையில் நின்று நின்று மூச்சு வாங்கும் முதியவர் யாராவது இருந்தால், அவர் அருகில் அமர்ந்து கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது அவருடைய கீழ் விலா எலும்புகள் வெளியே விரிகின்றனவா, உள்ளே ஒடுங்குகின்றனவா? ஒடுங்கினாலும் சரி, வெறும் இருமலும் இளைப்பும் மாதக்கணக்கில் நீடித்தாலும் சரி, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குழாயில் ஊதும் சோதனை செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். அடுப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தால் அதை மாற்ற வழி தேடுங்கள். ஒரு நாளில் 21,600 தடவை உழைக்கும் அந்தத் தசைக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி அதுதான்.